பழம் போட்ட சேசோன்: பாட்டிலில் அடைக்கும் முன்

பீர் ஆலையில் தரம் பார்ப்பது என் வேலை. வீட்டில் காய்ச்சுகிறவர்களும் அவ்வப்போது பாட்டிலைக் கொண்டுவந்து "கொஞ்சம் குடிச்சுப் பாருங்க" என்று நீட்டுவார்கள். போன கோடையில் ஒருவர் ஏப்ரிகாட் பழம் போட்ட சேசோன் பீர் கொண்டுவந்தார். மூடியைத் தளர்த்தியதுதான் தாமதம், முக்கால் பாட்டில் நுரையாகச் சுவரில் ஏறிவிட்டது. மிச்சத்தைக் குடித்துப் பார்த்தேன். சுவை அருமை!

"இன்னும் எத்தனை இருக்கு?"

"முப்பது இருக்குங்க. படுக்கையறை அலமாரியில."

அவையும் வெடிக்கலாம் என்பதால், அன்றைக்கே கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, எல்லாவற்றையும் ஃபிரிட்ஜுக்கு மாற்றச் சொன்னேன். குளிர்ந்தால் அழுத்தம் குறையும். பிறகு ஒவ்வொன்றாக மூடியைத் தளர்த்தி வாயுவை வெளியேற்றலாம்.

சேசோன் பெல்ஜியத்தின் வலோனியாப் பகுதிப் பண்ணைகளில் பிறந்த பீர். மூலிகை, மசாலா, பழம் சேர்ப்பதை அங்கே யாரும் குற்றமாக நினைப்பதில்லை. சுவா கிராமத்து ஃபாந்தோம் ஆலை அதற்கே பேர்போனது. ஆகவே புதுச் சுவை தேடுவதில் தப்பே இல்லை. சிக்கல் ஈஸ்டில் இருக்கிறது.

சேசோன் ஈஸ்ட் பலவும் 'டயாஸ்டாட்டிகஸ்' வகை. சாதாரண ஈஸ்ட் தொடாமல் விட்டுவிடும் டெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துத் துண்டுகளை இது ஒரு நொதியைச் சுரந்து உடைத்துத் தின்னும். அதையும் அவசரமில்லாமல், வாரக்கணக்கில் செய்யும். பீரின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில், சர்க்கரை தீரத் தீர எண் இறங்கும். அது 1.008 காட்டும்போது எல்லாம் முடிந்த மாதிரியே இருக்கும். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் 1.003. அடைத்த பிறகு 0.001 இறங்கினாலே, ஒரு லிட்டர் பீரில் ஏறத்தாழ அரை லிட்டர் கார்பன் டை ஆக்சைடு கூடுகிறது. 1.008-இலிருந்து 1.003-க்கு ஐந்து மடங்கு இறக்கம், அதாவது இரண்டரை லிட்டர். நுரைக்காக நாம் போடும் சர்க்கரை தரும் இரண்டரையையும் கூட்டினால் ஐந்து. சாதாரண பீர் பாட்டிலில் மூன்றைத் தாண்ட எனக்குத் துணிவில்லை.

இதன்மேல் பழம் வேறு. 20 லிட்டருக்கு 2 கிலோ ஏப்ரிகாட் போட்டால் ஏறக்குறைய 180 கிராம் சர்க்கரை உள்ளே போகிறது. அது முழுவதும் நொதிக்காமல் அடைத்தால் ஒவ்வொரு லிட்டர் பீரிலும் இன்னும் இரண்டு லிட்டருக்கு மேல் வாயு. ஆகவே முதல் நொதிப்பு அடங்கிய பிறகே பழத்தைப் போடுங்கள். உறையவைத்து இளக்கிப் போட்டால் சாறு நன்றாக இறங்கும். கொட்டையை நீக்கிவிடுங்கள், உள்ளிருக்கும் பருப்பிலிருந்து சயனைடு உருவாகும். இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை அளந்து, எண் அசையாமல் நின்றால்தான் பாட்டில். அளக்கும் மாதிரியைக் கலக்கி வாயுவை விரட்டுங்கள், இல்லையென்றால் குமிழிகள் மீட்டரைத் தூக்கிப் பொய் சொல்லவைக்கும்.

மசாலாவில் வெடிக்கும் பயம் இல்லை, பீர் பாழாகும் பயம்தான். இந்த ஈஸ்டே மிளகு வாசமும் லவங்க வாசமும் தரும் என்பதை மறந்துவிட்டு அள்ளிப்போடுகிறார்கள். நான் மசாலாவை வோட்காவில் ஒரு வாரம் ஊறவைத்து, 100 மில்லி பீரில் ஊசியில்லாத சிரிஞ்சால் 0.1 மில்லியாக விட்டுச் சுவைப்பேன். 0.3 பிடித்திருந்தால் 20 லிட்டருக்கு 60 மில்லி. ஆரஞ்சுத் தோல் என்றால் வெள்ளைப் பகுதியைச் சுரண்டி எறிந்துவிட வேண்டும், ஒரே கசப்பு.

ஏப்ரிகாட்காரர் மறுபடியும் காய்ச்சியிருக்கிறார். இரண்டு வாரம் முன்பு 1.006, நேற்று 1.004. இன்னும் அடைக்கவில்லை.