அட்ரினலினுக்கு முன்னால் வேகஸ்

ஓடினால் நெஞ்சு ஏன் படபடக்கிறது என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். "அட்ரினலின்" என்று சட்டென்று பதில் வரும். அது பாதிதான் சரி. இதயத்தின் வலது மேலறையில் இருக்கும் சைனோ ஏட்ரியல் கணுவை எந்த நரம்பும் தொடாமல் விட்டால், நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 துடிப்புகளை அது தானாகவே எழுப்பும். சும்மா உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு 75தான் வருகிறதென்றால், மூளையின் அடிப்பகுதியான முகுளத்திலிருந்து இறங்கும் வேகஸ் நரம்பு பிரேக் போட்டு வைத்திருக்கிறது. ஓடத் தொடங்கியதும் முதலில் தளர்வது அந்தப் பிரேக்தான். ஓரிரு துடிப்புகளுக்குள் வேகம் கூடிவிடும். இதயத்தை முடுக்கிவிடும் பரிவு நரம்புகள் வலுப்பெறச் சில விநாடிகள் ஆகும். இரத்தத்தில் கலந்து வரும் அட்ரினலின் அதற்கும் பிறகுதான். மாற்று இதயம் பொருத்தப்பட்டவர்களிடம் இதைத் தெளிவாகக் காணலாம்: நரம்புத் தொடர்பு அறுந்திருப்பதால் ஓய்விலேயே 90 முதல் 110 வரை துடிக்கும், படியேறினால் மெதுவாகத்தான் ஏறும், மெதுவாகத்தான் இறங்கும்.

இதைப் பிள்ளைகள் தங்கள் கையிலேயே உணர வேண்டும். மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக, ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மெல்ல வைக்கச் சொல்லுங்கள். கட்டைவிரலால் பிடித்தால் அதன் சொந்த நாடி குழப்பும். அழுத்திப் பிடித்தால் நாடியே மறைந்துபோகும். பெரும்பாலும் தவறுவது எண்ணிக்கையில். கடிகாரத்தை ஓடவிடும் நொடியில் வரும் துடிப்பு பூஜ்யம். அதையே ஒன்று என எண்ணினால், 15 விநாடி எண்ணி 4ஆல் பெருக்கும்போது விடையில் 4 கூடிவிடும். ஓய்வுத் துடிப்பை முழு நிமிடம் எண்ணுவதே நல்லது.

முதலில் 5 நிமிடம் படுக்கவைத்து எண்ணுங்கள். பிறகு எழுந்து நின்றதும் எண்ணுங்கள். பொதுவாக 10 முதல் 20 வரை கூடும். இரத்தம் கால்களில் தங்குகிறது, அழுத்தம் குறைகிறது. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் உள்ள அழுத்த உணர்விகள் அதை முகுளத்துக்குத் தெரிவிக்க, பிரேக் தளர்கிறது. கழுத்தின் இருபுறத்தையும் சேர்த்து அழுத்தக் கூடாது என்பதற்கும் இவையே காரணம். விரலின் அழுத்தத்தை இரத்த அழுத்தமென்று எடுத்துக்கொண்டு இதயத்தை மெதுவாக்கிவிடும், மயக்கம் வரலாம்.

அடுத்து, நாடியில் விரல் இருக்க 5 விநாடி மூச்சை இழுத்து 5 விநாடி விடட்டும். இழுக்கும்போது துடிப்பு நெருங்கும், விடும்போது விலகும். "எனக்கு இதயக் கோளாறா?" என்று ஒரு பிள்ளையாவது பயப்படும். இளம் வயதில் இது நன்றாகவே தெரியும், இயல்பானது என்று உடனே சொல்லிவிடுங்கள்.

கடைசியில் 30 தோப்புக்கரணம். முடித்த கையோடு 15 விநாடி எண்ண வேண்டும்; தாமதித்தால் வேகம் இறங்கிவிடும். யாருடைய எண் பெரிது என்ற போட்டி வேண்டாம். 220இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கும் வேண்டாம், அது பெரியவர்களை வைத்துப் போட்டது. காய்ச்சலோ இரத்தசோகையோ மூச்சிரைப்போ உள்ளவர்கள் அன்று கடிகாரம் பார்க்கட்டும். ஓடும்போது மயங்கி விழுந்த பிள்ளை, உழைக்கும்போது நெஞ்சு வலிக்கும் பிள்ளை, குடும்பத்தில் இளவயதில் யாரேனும் திடீரென இறந்திருக்கும் பிள்ளை ஆகியோரை மருத்துவர் பார்த்து, ஈசிஜி எடுத்த பிறகே தோப்புக்கரணம் போடவிட வேண்டும்.