விண்டேஜ் லென்ஸ்: மரபு வில்லை

ஃபிலிம் காலத்தில் திரைப்படக் கேமராவுக்கென்றே செய்யப்பட்டு, இன்று டிஜிட்டல் சினிமா கேமராவில் பூட்டிப் படம் பிடிக்கப்படும் லென்ஸைத்தான் ஒளிப்பதிவாளர்கள் 'விண்டேஜ் லென்ஸ்' என்கிறார்கள். குக் ஸ்பீடு பான்க்ரோ, பாஷ் அண்ட் லோம் பால்டார், கேனான் கே35, ஸைஸ் சூப்பர் ஸ்பீடு என்று சில பெயர்கள் இந்தப் பேச்சில் அடிக்கடி அடிபடும். தமிழில் எழுதும்போது பலரும் 'பழைய லென்ஸ்' என்று எழுதிக் கடந்துவிடுகிறோம். அந்தச் சொல் இங்கே பொருந்தவில்லை.

விண்டேஜ் என்ற சொல் திராட்சைத் தோட்டத்தில் பிறந்தது. லத்தீனில் 'வினும்' என்றால் திராட்சை மது, 'தேமெரே' என்றால் பறித்தெடுப்பது. இரண்டும் சேர்ந்து 'விந்தேமியா', அதாவது திராட்சை அறுவடை. அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் விண்டேஜ் ஆனது. பிறகு குறிப்பிட்ட ஓர் ஆண்டின் விளைச்சலையும், அந்த விளைச்சலில் வடித்த மதுவையும் குறிக்கத் தொடங்கியது. ஆண்டுக்கு ஆண்டு மழையும் வெயிலும் மாறும், சுவையும் மாறும். அதனால் ஆண்டைச் சொன்னாலே சுவையைச் சொன்னதாகிவிடும். கார்கள், உடைகள் என்று சொல் பரவியபோதுதான் 'பழசு' என்ற பொருள் முன்னுக்கு வந்தது.

லென்ஸைப் பொறுத்தவரை அந்த முதல் பொருள்தான் சரி. ஒரு லென்ஸுக்கு எத்தனை வயது என்பதைவிட, அது எந்தக் காலத்துக் கண்ணாடி, அதன் மேல் எந்தக் காலத்துப் பூச்சு என்பதுதான் படத்தில் தெரியும்.

பூச்சின் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பூச்சே இல்லாத கண்ணாடிப் பரப்பு, தன்மேல் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். ஸ்பீடு பான்க்ரோவுக்கு அடிப்படையான 'டபுள் காஸ்' அமைப்பில் 6 கண்ணாடிகள் 4 தொகுதிகளாக நிற்கின்றன. காற்றைத் தொடும் பரப்புகள் மொத்தம் 8. ஒவ்வொன்றிலும் 4 சதவீதம் போனால், உள்ளே வந்த 100 பங்கு ஒளியில் நேராக மறுபக்கம் சேர்வது 72 பங்குதான். மீதியில் ஒரு பகுதி லென்ஸுக்குள்ளேயே பரப்புக்குப் பரப்பு மோதித் திரிந்து, கடைசியில் படத்தின் மேல் மெல்லிய மூட்டமாகப் படிகிறது. 1935-இல் ஸைஸ் நிறுவனத்தின் அலெக்சாண்டர் ஸ்மாகுலா எதிரொளி தடுக்கும் பூச்சுக்குக் காப்புரிமை பதிந்தார். அதன் பின் ஓரடுக்குப் பூச்சு பரவியது, இன்னும் பின்னால் பல அடுக்குப் பூச்சு வந்தது. ஒரே பெயர் பொறித்த இரண்டு லென்ஸ்கள்கூட, இந்த மாற்றத்துக்கு முன்னே ஒன்றும் பின்னே ஒன்றும் செய்யப்பட்டிருந்தால், ஒரே காட்சியை வேறு வேறு விதமாகக் காட்டும்.

ஜன்னலை முதுகுக்குப் பின்னால் வைத்து ஒருவர் நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய லென்ஸில் தலைமுடியின் கறுப்பு கறுப்பாகவே நிற்கும், ஜன்னல் விளிம்பு வெட்டினாற்போல் தெரியும். ஓரடுக்குப் பூச்சுள்ள லென்ஸில் ஜன்னலின் ஒளி முடியோரம் கசிந்து இறங்கும், நிழல் பக்கக் கன்னம் சற்றே வெளுத்து இளகும். முகத்தின் நடுப்பகுதி தெளிவாக இருக்க, சட்டகத்தின் ஓரங்கள் மெத்தென்று கரையும். ஸைஸ் சூப்பர் ஸ்பீடின் முதல் வரிசையில் ஒளித்துளை முக்கோண வடிவம். துளையைச் சற்று குறுக்கினால், பின்னணியில் குவியம் (ஃபோகஸ்) தப்பிய விளக்குகள் ஒவ்வொன்றும் முக்கோணமாக மலரும்.

ஃபிலிமில் வெள்ளித் துகள்கள் சட்டகத்துக்குச் சட்டகம் இடம் மாறி நின்றன. டிஜிட்டல் சென்சாரிலோ புள்ளிகள் அசையாத கட்டம். அதன்மேல் இன்றைய லென்ஸின் கூர்மையும் சேரும்போது தோலின் ஒவ்வொரு துவாரமும் எண்ணி எடுக்கலாம் போல் வந்து நிற்கிறது. அந்த இறுக்கத்தைத் தளர்த்தத்தான் மூத்த கண்ணாடியைத் தேடுகிறார்கள். இதைப் பிற்பாடு கணினியில் செய்துகொள்ளலாமே என்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒளிக்கசிவு, கேமரா திரும்பும் கோணத்தோடும் விளக்கு நிற்கும் இடத்தோடும் நொடிக்கு நொடி மாறுவது. நடிப்பவர் ஓரடி நகர்ந்தால் அதுவும் நகரும். படப்பிடிப்புத் தளத்திலேயே அதைக் கண்ணால் பார்த்து விளக்கை வைக்கும்போது கிடைப்பது வேறு படம்.

பூட்டுவதில் சிக்கல்கள் உண்டு. கேமராவில் லென்ஸைப் பூட்டும் வாயை மவுண்ட் என்பார்கள். இன்று பரவலாக உள்ள பிஎல் மவுண்டில், மவுண்டின் முகப்புக்கும் படம் விழும் தளத்துக்கும் இடையே 52 மி.மீ. மிட்செல் பிஎன்சிஆர் என்ற ஃபிலிம் கேமராவுக்குச் செய்த லென்ஸ் சுமார் 61.5 மி.மீ. கேட்கும். இடைவெளியை நிரப்ப ஓர் இணைப்பு வளையம் போதும். லென்ஸ் கேட்கும் தூரம் கேமராவின் தூரத்தைவிடக் குறைவாக இருந்தால் வளையத்தால் ஒன்றும் செய்ய முடியாது. படத்தின் அளவு இன்னொரு சிக்கல். ஃபிலிம் காலத்து அகாடமி சட்டகம் சுமார் 22 × 16 மி.மீ., அலெக்ஸா எல்எஃப் என்ற டிஜிட்டல் கேமராவின் சென்சார் 36.7 × 25.5 மி.மீ. முன்னதற்கென்று வரைந்த அகலக்கோண லென்ஸைப் பின்னதில் பூட்டினால் மூலைகள் இருண்டுவிடும். பூஞ்சை, கண்ணாடிகளை ஒட்டிய பால்சம் பிசின் விட்டுப்போவது போன்றவற்றையும் வாங்குமுன் விளக்கடியில் பிடித்துப் பார்த்துவிட வேண்டும்.

இனி தமிழ்ச் சொல். லென்ஸ் என்பது லத்தீனில் மசூர்ப் பருப்பின் பெயர். இருபக்கமும் புடைத்த அதன் வடிவம் கண்ணாடிக்குப் பெயராயிற்று. தமிழில் கற்பூர வில்லை, மருந்து வில்லை என்று வட்டமாகச் சிறிதாக இருப்பதைச் சொல்லும் 'வில்லை'யும் அதே போல வடிவம் பார்த்து வைத்த பெயர்தான். அறிவியல் தமிழில் நன்றாக ஊன்றிவிட்ட சொல், அதில் மாற்றம் வேண்டாம்.

விண்டேஜுக்குத்தான் யோசிக்க வேண்டும். 'பழங்கால' என்றால் அருங்காட்சியகம் நினைவுக்கு வரும், 'தொன்மை' நூற்றாண்டுகள் பின்னால் இழுத்துவிடும். 'பழவில்லை' என்று சுருக்கினால் பழத்துண்டு என்றே படிப்பார்கள். நான் முன்வைப்பது 'மரபு வில்லை'. மரபு விதை என்று சொல்லும்போது பழைய விதை என்று யாரும் பொருள் கொள்வதில்லை. தன் குணம் மாறாமல், இன்றைக்கும் மண்ணில் போட்டு முளைக்க வைக்கிற விதை அது. இந்த லென்ஸும் அப்படித்தான், இன்றைய கேமராவில் பூட்டினால்தான் அதற்கு இந்தப் பெயர். அலமாரியில் காட்சிக்கு வைத்தால் அது வெறும் அரும்பொருள்.

இந்த வேர்ச்சொல்லிலிருந்து மற்றவையும் எளிதாகக் கிளைக்கின்றன. ஒரே காலத்தில் செய்த பல குவியத்தூர லென்ஸ்கள் சேர்ந்தது மரபு வில்லைத் தொகுதி. பழைய கண்ணாடிகளை அப்படியே எடுத்து, குவியம் திருப்ப வசதியான புதிய உலோக உடலில் பொருத்துவதை ரீஹவுசிங் என்கிறார்கள். அதை 'மறுகூடிடல்' எனலாம். கண்ணாடி மாறாததால் அதுவும் மரபு வில்லைதான்.

பழைய தோற்றம் வேண்டும் என்று இன்று புதிதாகவே வடிவமைக்கப்படும் லென்ஸ்களும் இருக்கின்றன. குக் நிறுவனமே 'பான்க்ரோ/ஐ கிளாசிக்' என்ற பெயரில் அப்படி ஒரு வரிசை செய்கிறது. நல்ல லென்ஸ்கள், ஆனால் கண்ணாடியும் பூச்சும் இந்தக் காலத்தவை. அவற்றை 'மரபுப் பாங்கு வில்லை' என்று பிரித்துச் சொல்வதே முறை.