ஒரு வயதுக்குள் ஏது கைப்பழக்கம்?

ஏழு மாதக் குழந்தையிடம் கிலுகிலுப்பையை நீட்டுகிறோம். ஒவ்வொரு தடவையும் இடது கைதான் பாய்ந்து வந்து பிடுங்குகிறது. வலது கை முஷ்டி மடங்கி உடம்போடு ஒட்டியே கிடக்கிறது. “இடக்கைப் பழக்கம் போல” என்று வீட்டில் சிரிப்பார்கள். குழந்தைகள் நரம்பியல் மருத்துவர் சிரிக்கமாட்டார். ஒரு வயதுக்குள் கைப்பழக்கம் நிலைப்பதில்லை. இரண்டு கையும் ஏறத்தாழ சமமாகவே நீள வேண்டும். எம்ஆர்ஐ எடுக்கச் சொல்வார். சில குழந்தைகளுக்கு அதில் தெரிவது, பிறப்பை ஒட்டிய நாட்களில் யாரும் அறியாமல் வந்துபோன பக்கவாதம்.

பக்கவாதம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது பிரஷர், சர்க்கரை, சிகரெட். சிசுவுக்கு இதெல்லாம் ஏது? ஆனாலும் 2,500 முதல் 4,000 பிறப்புகளுக்கு ஒன்று என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. பிரசவத்தின்போது ரத்தப்போக்கைச் சமாளிக்க, தாயின் ரத்தம் எளிதில் உறையும் நிலைக்கு மாறியிருக்கும். நஞ்சுக்கொடியில் உருவாகும் சிறு ரத்தக்கட்டி தொப்புள்கொடி வழியாகக் குழந்தையின் இதயத்தை எட்டலாம். நமக்கென்றால் அது நுரையீரலில் போய்ச் சிக்கிக்கொள்ளும். கருவில் நுரையீரலுக்கு வேலை இல்லை. அதனால் இதயத்தின் இரு மேலறைகளுக்கும் நடுவே ஒரு திறப்பு இருக்கிறது. கட்டி அதில் நுழைந்து இடப்பக்கம் வந்துவிட்டால், அங்கிருந்து மூளைக்கு நேர்வழிதான். பல குழந்தைகளுக்குக் காரணம் உறுதிப்படுவதில்லை என்றாலும், மருத்துவர்கள் பெரிதும் சந்தேகிப்பது இந்தப் பாதையைத்தான்.

அப்போதே கை விழுந்திருக்க வேண்டாமா? பிறந்த குழந்தையின் அசைவுகளைப் பெரும்பாலும் நடத்துவது மூளைத்தண்டும் முதுகுத்தண்டும். மூளையின் மேலடுக்கான பெருமூளைப் புறணி இன்னும் பொறுப்பேற்கவில்லை. ஆகவே அது பழுதானாலும் கைகால் ஆடிக்கொண்டுதான் இருக்கும். முதல் சில நாட்களில் ஒரு பக்கக் கை மட்டும் விட்டுவிட்டு வெட்டி இழுக்கும் வலிப்பு வந்தால் கண்டுபிடித்துவிடுவார்கள். அதுவும் வராவிட்டால், குழந்தை பொருளை எட்டிப் பிடிக்கத் தொடங்கும் நான்காம், ஐந்தாம் மாதம்வரை வெளியே தெரியாது.

இதற்குப் பிறகு மூளை செய்வதுதான் சுவாரசியம். பிறக்கும்போது மூளையின் ஒவ்வொரு பாதியிலிருந்தும் உடம்பின் இரு பக்கங்களுக்கும் நரம்புப் பாதைகள் செல்கின்றன. வழக்கமாக, எதிர்ப்பக்கத்துக்குப் போகும் பாதை வலுவாகி, அதே பக்கத்துக்குப் போவது பெருமளவு சுருங்கிவிடும். ஒரு பாதி அடிபட்டால் போட்டி குறைந்து, நல்ல பாதி தன் பக்கத்துப் பாதையையும் வைத்துக்கொள்கிறது. இப்படி ஒரே பாதி இரு கைகளையும் ஆளும் குழந்தையிடம் இடது கையை மூடச் சொல்லுங்கள். வலது கையும் சேர்ந்து மூடும். ஒரு கை சட்டையைப் பிடிக்க, மறு கை பட்டனைப் போட வேண்டிய இடத்தில் இது படுத்தும் பாடு கொஞ்சமல்ல. பேச்சு இன்னும் வியப்பு: இடது மூளை சேதமானால் வலது மூளை அந்த வேலையை எடுத்துக்கொள்ள, பல குழந்தைகள் நன்றாகவே பேசுகிறார்கள். ஆனால் “சின்ன மூளை, தானே சரியாகிவிடும்” என்பது பாதி உண்மைதான். கவனம், கணக்கு, திட்டமிடல் ஆகியவற்றில் உள்ள குறைகள் சிலருக்குப் பள்ளி வயதில்தான் தலைகாட்டும்.

வளர்ந்த குழந்தைகளிடம் கதை வேறு. அவர்களுக்கு வரும் பக்கவாதத்தில் பாதியளவு மூளையில் ரத்தக்கசிவு. மீதி ரத்தக்குழாய் அடைப்பு; அதற்குக் காரணங்கள்: பிறவி இதயக் கோளாறு, கழுத்து அடிபட்டு ரத்தக்குழாயின் உள்சுவர் கிழிதல், சின்னம்மைக்குச் சில மாதங்கள் கழித்து மூளைத் தமனி சுருங்குதல். பெரியவர்களைவிட இவர்களுக்கு வலிப்போடு தொடங்குவது அதிகம். அதனால் ‘ஃபிட்ஸ்’ என்றோ ஒற்றைத் தலைவலி என்றோ எண்ணி ஒரு நாள்கூடக் கழிந்துவிடுகிறது. கட்டி கரைக்கும் ஊசியைக் குழந்தைகளிடம் சோதிக்கத் தொடங்கிய ‘டிப்ஸ்’ ஆய்வு, தகுதியான குழந்தைகள் போதிய அளவு கிடைக்காமலேயே 2013-இல் நின்றுபோனது.

வருவதற்கு முன்பே மோப்பம் பிடிக்கக்கூடிய வகை ஒன்று உண்டு: சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்துவிடும் பரம்பரை நோயான அரிவாள் செல் ரத்தசோகையால் வருவது. குழாயின் வாயை விரலால் அடைத்தால் தண்ணீர் பீய்ச்சுவதுபோல, தமனி குறுகிய இடத்தில் ரத்தம் வேகமெடுக்கும். நெற்றிப்பொட்டில் டாப்ளர் என்ற அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்து அந்த வேகத்தை அளக்கலாம். நொடிக்கு 200 செ.மீ.-ஐ எட்டினால் ஆபத்து அதிகம். அத்தகைய குழந்தைகளுக்குத் தொடர்ந்து ரத்தம் ஏற்றினால் முதல் பக்கவாதம் 90 சதவீதத்துக்கும் மேல் குறைவதை 1998-இல் வெளியான ‘ஸ்டாப்’ ஆய்வு காட்டியது. ஏற்றுவதை நிறுத்திப் பார்த்தபோது பலருக்கு வேகம் மறுபடி ஏறியது. இன்று, தமனி மிகவும் குறுகாத குழந்தைகளைக் குறைந்தது ஓராண்டு ரத்தம் ஏற்றியபின் ஹைட்ராக்சியூரியா மருந்துக்கு மாற்ற முடிகிறது; டாப்ளர் பரிசோதனை மட்டும் தொடரும்.