வளவாளர் வகுப்புக்குள் வர வேண்டும்: விசேட கல்விப் பயிற்சியை மட்டக்களப்பு, அம்பாறைப் பாடசாலைகள் கேட்டுப் பெறுவது எப்படி

“எங்களிட்ட விசேட கல்வி படிச்ச ரீச்சர் இல்ல.” தரம் 1 அனுமதிக்குப் பிள்ளையைக் கூட்டிப் போகும் பெற்றோர் அடிக்கடி கேட்கும் பதில் இது. அனுமதியை மறுக்க இது போதுமான காரணம் ஆகாது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தின் 23 ஆம் பிரிவு, இயலாமையைக் காட்டிக் கல்வி நிறுவன அனுமதியில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. மீறினால் 24 ஆம் பிரிவின் கீழ் மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம். 5 முதல் 14 வரை இருந்த கட்டாயக் கல்வி வயதெல்லை 2016 இல் 16 ஆகவும் உயர்ந்துவிட்டது.

ஆனால் அந்த ஆசிரியரின் பக்கமும் நியாயம் உண்டு. 35 பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒரு வார்த்தை வழிகாட்டலும் இல்லாமல் “சமாளியுங்கோ” என்று விட்டால் அவர் என்ன செய்வார்? இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்று உறுதிசெய்த மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயம் இதற்கும் வழி சொல்கிறது. அதன் 24 ஆம் உறுப்புரையின் நான்காம் பந்தி, சைகை மொழியும் பிறெயிலும் தெரிந்த ஆசிரியர்களை நியமிப்பதையும், கல்வியின் எல்லா மட்டங்களிலும் பணிபுரிவோரைப் பயிற்றுவிப்பதையும் அரசின் கடமையாக வைக்கிறது. ஆகவே பயிற்சி கேட்டுக் கடிதம் எழுதும் அதிபர் யாரிடமும் சலுகை கேட்கவில்லை.

யாரிடம், எப்படிக் கேட்பது

கிழக்கு மாகாணத்தின் 17 கல்வி வலயங்களில் ஐந்து மட்டக்களப்பு மாவட்டத்தில் இருக்கின்றன: மட்டக்களப்பு, மட்டக்களப்பு மத்தி, மட்டக்களப்பு மேற்கு, பட்டிருப்பு, கல்குடா. அம்பாறை மாவட்டத்தில் ஏழு. அவற்றில் தமிழ்மொழிப் பாடசாலைகள் பெரும்பாலும் கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, திருக்கோவில் வலயங்களில் உள்ளன. வலயக் கல்வி அலுவலகத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பான உதவிக் கல்விப் பணிப்பாளரும் ஆசிரிய ஆலோசகரும்தான் முதலில் அணுக வேண்டியவர்கள். சில வலயங்களில் இந்தப் பொறுப்பு வேறு பாடத்தைப் பார்க்கும் ஒருவரிடம் மேலதிகமாக இருக்கும். அப்படியானால் கடிதத்தை வலயக் கல்விப் பணிப்பாளருக்கு முகவரியிட்டு, கோட்டக் கல்விப் பணிப்பாளருக்குப் பிரதி வையுங்கள்.

பணம் தேட இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வலயமோ மாகாணக் கல்வித் திணைக்களமோ நடத்தும் செயலமர்வு. மற்றது, பாடசாலை மட்ட ஆசிரியர் வாண்மை விருத்தி நிகழ்ச்சி. இதைப் பாடசாலை தன் வருடாந்தத் திட்டத்திலேயே சேர்த்துக்கொள்ளலாம். இரண்டாவது வழியைப் பலர் பயன்படுத்துவதில்லை. ஆண்டுத் திட்டம் தயாராகும் நேரத்தில் “விசேட கல்வி” என்ற சொல் அதில் இல்லாவிட்டால் பிறகு எந்தத் தலைப்பிலும் காசு எடுக்க முடியாது என்பதை அதிபர் நினைவில் வைத்திருப்பது நல்லது.

கடிதத்தில் நோயின் பெயர்களை அடுக்க வேண்டாம். வைத்தியர் எழுதித் தராத பெயரை ஆசிரியர் எழுதுவது பிழையும்கூட. வகுப்பில் கண்ணால் கண்டதை எழுதுங்கள்: “தரம் 2 இல் 3 பிள்ளைகள் கரும்பலகையில் உள்ளதைப் பார்த்து எழுதுவதில்லை, அருகில் கொடுத்தால் எழுதுகிறார்கள்.” “தரம் 4 இல் ஒரு பிள்ளை மணி அடித்ததும் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுகிறது.” இப்படி 6 அல்லது 8 வரி இருந்தால், கண் பற்றித் தெரிந்தவர் தேவையா, பேச்சுச் சிகிச்சையாளர் தேவையா என்பது கடிதத்தைப் படித்தவுடன் விளங்கிவிடும். “உட்படுத்தற் கல்வி (எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வகுப்பில் சேர்த்துக் கற்பிப்பது) பற்றி ஒரு கருத்தரங்கு தேவை” என்று எழுதினால் கருத்தரங்குதான் வரும்.

யாரை வளவாளராகக் கேட்கலாம்

பயிற்சி தர வெளியிலிருந்து வரும் துறை தெரிந்தவரே வளவாளர். வலயத்தின் ஆசிரிய ஆலோசகர், மகரகம தேசிய கல்வி நிறுவகத்தில் விசேட கல்வித் துறையில் உள்ளவர்கள், தாழங்குடாவிலும் அட்டாளைச்சேனையிலும் உள்ள தேசிய கல்வியியற் கல்லூரிகளின் விரிவுரையாளர்கள், விசேட தேவைக் கல்விக்குத் தனித் துறை வைத்திருக்கும் திறந்த பல்கலைக்கழகத்தார் – இவர்கள் கல்விப் பக்கம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை போன்ற பெரிய வைத்தியசாலைகளில் பேச்சு மொழிச் சிகிச்சையாளர், தொழில்வழிச் சிகிச்சையாளர், இயன்மருத்துவர் ஆகியோரைக் கேட்கலாம். அவர்களை அழைக்கும் கடிதம் வைத்தியசாலைப் பணிப்பாளர் ஊடாகப் போக வேண்டும். நேரே தொலைபேசியில் பேசி வரச்சொன்னால் கடைசி நேரத்தில் விடுவிப்புக் கிடைக்காமல் போய்விடும்.

மொழி விடயத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம். சிங்களத்தில் அல்லது ஆங்கிலத்தில் நடத்தி இடையிடையே மொழிபெயர்க்கும் பயிற்சி பொதுவான கருத்துக்குப் போதும். வாசிப்புச் சிக்கலுக்குப் போதாது. தமிழில் தடுமாறும் பிள்ளை தடுமாறும் இடங்கள் வேறு. ‘கொ’ என்ற எழுத்தில் கொம்பு முன்னால், கால் பின்னால், நடுவில் ககரம். காதில் முதலில் விழுவது ககர ஒலி. கை முதலில் போட வேண்டியது கொம்பு. இந்த வரிசை மாற்றத்தில் தடுமாறும் பிள்ளை ‘கொக்கு’ என்பதைக் ‘காக்கு’ என்றோ ‘கெக்கு’ என்றோ எழுதும். அதைக் கண்டுபிடிக்க கொம்புள்ள 10 சொல், கொம்பில்லாத 10 சொல் சொல்லி எழுதவைத்து, பிழை எந்தப் பக்கம் குவிகிறது என்று பார்த்தால் போதும். ல, ள, ழ மாறுவது வேறு கதை. வீட்டுப் பேச்சில் அந்த வேறுபாடு இல்லாத பிள்ளை அவற்றை மாற்றி எழுதுவதை வாசிப்புக் குறைபாடு என்று பதிந்துவிடக் கூடாது. மொழிபெயர்த்த சோதனைத் தாள்கள் இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை.

இரண்டு நாளில் என்ன நடக்க வேண்டும்

நாங்கள் பரிந்துரைப்பது இப்படி: 25 ஆசிரியருக்கு மேற்படாத குழு, இரண்டு நாள் செயலமர்வு, அதன்பின் மூன்று வாரத்துக்குள் ஒன்றும் தவணை முடிவில் ஒன்றுமாக இரண்டு வகுப்பறை வருகைகள். வருகைத் திகதிகளைச் செயலமர்வு நாளிலேயே வளவாளரின் நாட்குறிப்பில் எழுதுவிக்க வேண்டும். “பிறகு பார்ப்போம்” என்று விட்ட வருகை நடப்பதில்லை.

முதல் நாள் காலையில் மேடையில் பேச்சு வேண்டாம். வளவாளர் ஏதாவது ஒரு வகுப்பில் 40 நிமிடம் பின்வரிசையில் இருந்து பார்க்கட்டும். அதன் பிறகு பேசினால் பேச்சே வேறாக இருக்கும்.

காதுக் கருவி போட்ட பிள்ளை இருந்தால் ஆறு ஒலிச் சோதனையைக் கைப்பழக்கமாக்க வேண்டும். ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ் – ஆசிரியர் ஒரு மீற்றர் தள்ளி நின்று, வாயை ஒரு தாளால் மறைத்து, ஒழுங்கு மாற்றி ஒவ்வொன்றாகச் சொல்வார். பிள்ளை கேட்டதைத் திருப்பிச் சொல்லும் அல்லது கையை உயர்த்தும். காலையில் ஒரு நிமிட வேலை. நேற்று ‘ஸ்’ கேட்ட பிள்ளைக்கு இன்று கேட்கவில்லையென்றால் முதலில் பற்றரியைப் பாருங்கள், அடுத்து காதுக்குள் வைக்கும் அச்சில் காதழுக்கு அடைத்திருக்கிறதா, குழாயில் நீர்த்துளி இருக்கிறதா என்று பாருங்கள். கடலும் களப்பும் சூழ்ந்த நம் ஊர் ஈரக்காற்றில் அந்த நீர்த்துளி அடிக்கடி வரும். கருவி வேலை செய்யாத பிள்ளையைக் “கவனமில்லாத பிள்ளை” என்று ஒரு தவணை முழுக்கத் திட்டியிருக்கக்கூடும். இருக்கை விடயமும் இதில் சேரும்: மின்விசிறிக்குக் கீழும் வீதிப்பக்க யன்னலோரமும் இந்தப் பிள்ளைக்கு ஆகாது. ஆசிரியர் பலகையைப் பார்த்தபடி பேசுவதும் ஆகாது.

பார்வை குறைந்த பிள்ளைக்குப் பெரிய எழுத்து மட்டும் தீர்வு என்று நினைப்பது பொதுவான தவறு. பளபளக்கும் தாளில் பெரிதாக அச்சிட்டால் கண் கூசும். மங்கிய வெள்ளைத் தாள், கறுப்புத் தடித்த பேனா, கோடு தடித்த கொப்பி, சாய்வான எழுதுபலகை – இவற்றின் செலவு அதிகமில்லை. எழுத்தின் அளவை அந்தப் பிள்ளையிடம் மூன்று அளவு காட்டிக் கேட்டே முடிவுசெய்ய வேண்டும்.

வலிப்பு பற்றி அரைமணி நேரமாவது கட்டாயம் ஒதுக்குங்கள். கையில் திறப்புக் கொத்தைத் திணிப்பதும் வாய்க்குள் கரண்டி வைப்பதும் இன்னும் நம் பாடசாலைகளில் நடக்கிறது. சுற்றியுள்ள மேசைகளை விலக்கி, பிள்ளையைப் பக்கவாட்டில் திருப்பி, மணிக்கூட்டைப் பார்க்க வேண்டும். 5 நிமிடத்தைத் தாண்டினால் 1990 சுவசெரியவை அழைக்க வேண்டும்.

இரண்டாம் நாள் முழுவதும் தனியாள் கல்வித் திட்டம், அதாவது ஒரு பிள்ளைக்கென்று தனியாக வகுக்கும் இலக்குகள், எழுதுவதற்கு. பயிற்சியின் பயன் தெரிவது இங்கேதான். “கணிதத்தில் முன்னேற்றம் காணும்” என்பது இலக்கு இல்லை, வாழ்த்து. “20, 50 ரூபாத் தாள்களைக் கொடுத்து 100 ரூபாவுக்குள் ஒரு பொருள் வாங்கும், 5 தடவையில் 4 தடவை சரியாக மீதி கேட்கும், இந்தத் தவணை முடிவுக்குள்” என்று எழுதினால் எவரும் அளந்து பார்க்கலாம். ஒரு பிள்ளைக்கு ஒரு தவணைக்கு மூன்று இலக்குக்கு மேல் வேண்டாம். பத்து இலக்கு எழுதிய கோப்புகள் அலுமாரியில்தான் கிடக்கின்றன. பெற்றோரை அந்த மேசைக்கு அழைத்து, வீட்டில் பிள்ளை என்ன செய்யும் என்று கேட்டபிறகே எழுத வேண்டும். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை வீட்டுக் கடையில் சாமான் எடுத்துக் கொடுத்துக் காசு வாங்குவதை இப்படித்தான் அறிய வருகிறது.

எங்கே பிசகும்

திகதியில்தான் முதலில். ஒக்டோபர் பிந்தியதிலிருந்து ஜனவரி வரை வாடைக்கால மழை. படுவான்கரைப் பக்கம் வீதி வெள்ளத்தில் மூழ்கினால் ஆசிரியர் வரமுடியாது. கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று வலயங்களில் முஸ்லிம் பாடசாலைகள் நோன்புகாலத்தில் மூடுவதால் தவணை நாட்காட்டி வேறு. இரு பகுதியினரையும் ஒரே செயலமர்வுக்கு அழைப்பதானால் இரண்டு நாட்காட்டிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள்.

அடுத்தது ஆளைத் தெரிவுசெய்வது. பாடசாலைக்குள் தனி வகுப்பாக இயங்கும் விசேட கல்வி அலகின் ஆசிரியரை மட்டும் அனுப்பும் பழக்கம் இருக்கிறது. அவரோடு சாதாரண வகுப்பாசிரியர் ஒருவரும் போகாவிட்டால், அலகிலிருந்து பிள்ளை சாதாரண வகுப்புக்கு மாறும் நாள் வரவே வராது. இருவரையும் கடமை நிமித்தம் விடுவித்து, வரவுப் பதிவேட்டில் அப்படியே குறிக்க வேண்டும். சொந்த லீவு எடுக்கச் சொல்வது முறையல்ல.

பெற்றோர் செய்யக்கூடியதும் உண்டு. 200 பேருக்கு மேற்பட்ட பாடசாலைகளில் தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளுக்குச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை மருத்துவப் பரிசோதனை நடத்துகிறது. சிறிய பாடசாலைகளில் எல்லாத் தரத்துக்கும். அந்த நாளில் பிள்ளையை வீட்டில் நிறுத்தாதீர்கள். கண், காது பற்றிய பரிந்துரைத் துண்டு கிடைத்தால் ஒரு பிரதியை வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். அனுமதி மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் நீங்களே திகதியிட்டு எழுதி, பதிவுத் தபாலில் வலயத்துக்கு அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகங்கள் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் உள்ளன. அங்கே ஒரு மாதத்துக்குள் முறைப்பாடு கொடுப்பது முக்கியம், ஏனென்றால் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை வழக்குப் போடும் காலமும் ஒரு மாதம்தான். அதற்குள் ஆணைக்குழுவுக்குப் போனால், விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த மாதத்தில் கணக்கிடப்படாது.

கடைசியாக இடமாற்றம். பயிற்சி பெற்றவர் ஜனவரியில் வேறு பாடசாலைக்குப் போனால் அவரோடு எல்லாம் போய்விடும். ஆகவே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மெல்லிய கோப்பு அதிபரின் அறையில் இருக்கட்டும்: தனியாள் கல்வித் திட்டம், பிள்ளையின் எழுத்து மாதிரி தவணைக்கு ஒன்று, வளவாளர் வகுப்பில் பார்த்து எழுதிய குறிப்பு, பிள்ளை எங்கே இருக்க வேண்டும், எதற்குப் பயப்படும், எதைக் கண்டால் சிரிக்கும் என்று ஒரு பக்கம். புதிய ஆசிரியர் கையொப்பமிட்டு அதைப் பொறுப்பேற்ற பிறகே பழையவருக்கு விடுவிப்புக் கடிதம் கொடுங்கள்.