ஸ்பெயினின் ஹாப்ஸ்பர்க் வம்சம் எப்படி அற்றுப்போனது?

1649-இல் ஸ்பெயின் மன்னர் நான்காம் பிலிப் தன் தங்கை மகள் மரியானாவைக் கல்யாணம் செய்துகொண்டார். அவருக்கு வயது 44, பெண்ணுக்கு 14. மரியானாவை முதலில் பேசி வைத்திருந்தது பிலிப்பின் மகனுக்குத்தான். அவன் 1646-இல் இறந்துபோனதால், ஆண் வாரிசு இல்லாத அப்பாவே மாப்பிள்ளையானார்.

அக்கா மகள், மாமன் மகள் என்று சொந்தத்துக்குள் பெண் எடுப்பது நமக்குப் புதிதல்ல. சொத்து வெளியே போகக் கூடாது என்ற காரணமும் நமக்குத் தெரிந்ததே. ஹாப்ஸ்பர்க் குடும்பத்துக்குச் சொத்து என்றால் ஸ்பெயின், ஆஸ்திரியா, அமெரிக்கக் கண்டத்தின் பெரும்பகுதி. நெருங்கிய உறவில் திருமணம் கூடாது என்றது திருச்சபை. ஆனால் அரச குடும்பம் கேட்டபோதெல்லாம் போப்பாண்டவரின் விலக்கு கிடைத்தது.

சரி, இதில் உடலுக்குள் என்ன நடக்கிறது? பெரும்பாலான மரபணுக்கள் நம்மிடம் இரண்டு பிரதிகளாக இருக்கின்றன. ஒன்று அப்பா கொடுத்தது, மற்றது அம்மா கொடுத்தது. பல மரபணுக்களில் ஒரு பிரதி பழுதானாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும். இப்படி ஒளிந்திருக்கும் பழுதுகள் சில நம் எல்லோரிடமும் உண்டு. இரண்டு பிரதியும் பழுதோடு வந்து சேர்ந்தால்தான் நோய் வெளிப்படும். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பொதுவான முன்னோர் இருந்தால், அவருடைய ஒரே பிரதி இரண்டு வழியாகவும் பிள்ளைக்கு வந்துவிடலாம். அந்த வாய்ப்பின் அளவுதான் உட்கலப்பு கெழு. மாமன் மகளைக் கட்டினால் பிள்ளைக்கு அது 0.0625. அக்கா மகளைக் கட்டினால் 0.125. உடன்பிறந்த இருவருக்குப் பிள்ளை பிறந்தால் 0.25.

சாண்டியாகோ டி கொம்போஸ்டெலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 3,000-க்கும் மேற்பட்ட உறவினர்களை 16 தலைமுறைக்குத் தேடிச் சேர்த்து, 2009-இல் இந்த வம்சத்துக்குக் கணக்குப் போட்டார்கள். வம்சத்தைத் தொடங்கிய முதலாம் பிலிப்புக்கு 0.025. பிலிப்–மரியானாவின் மகன் இரண்டாம் சார்லஸுக்கு 0.254!

தங்கை மகளை மணந்ததற்கு 0.125 தானே வர வேண்டும்? இங்கேதான் முந்தைய கல்யாணங்கள் வந்து சேர்கின்றன. சார்லஸின் அம்மாவைப் பெற்ற பாட்டி, அப்பாவின் தங்கை. அதாவது அவனுக்கு அத்தை. அப்பாவைப் பெற்ற பாட்டி மார்கரெட், தாய்வழியில் கொள்ளுப்பாட்டியும்கூட. அந்த மார்கரெட்டின் பெற்றோரும் தாய்மாமனும் அக்கா மகளும்தான். மேலே போனால் கொள்ளுத்தாத்தா இரண்டாம் பிலிப்பும் சொந்தத் தங்கை மகளையே மணந்தவர். சார்லஸின் கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டி எட்டுப் பேருமே முதலாம் பிலிப்–ஹுவானா தம்பதியின் வழிவந்தவர்கள். ஒவ்வொரு கல்யாணமும் பழைய கடனோடு வட்டியைச் சேர்த்துக்கொண்டே போயிருக்கிறது.

விலை கொடுத்தது குழந்தைகள். 1527 முதல் 1661 வரை ஸ்பெயின் அரச குடும்பத்தில் பிறந்த 34 குழந்தைகளில் 10 பேர் ஒரு வயதைத் தாண்டவில்லை. அரண்மனையில் சாப்பாட்டுக்கோ வைத்தியருக்கோ பஞ்சமில்லை என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது. சார்லஸ் பிறப்பதற்கு ஐந்து நாள் முன்புதான் அவன் அண்ணன் பெலிப்பே ப்ராஸ்பெரோ நான்கு வயதுகூட நிறையாமல் இறந்தான். சார்லஸ் நான்கு வயதில் பேசி, எட்டு வயதில் நடந்தவன். தாடை துருத்தி, உணவை மெல்லவே சிரமப்பட்டான். செய்வினை என்று நம்பிப் பேயோட்டவும் செய்தார்கள். இரண்டு கல்யாணம் செய்தும் பிள்ளையில்லை.

ஆனால் கெழு தலையெழுத்து அல்ல, வாய்ப்பு மட்டும்தான். சார்லஸின் அக்கா மார்கரீட்டாவுக்கும் அதே 0.254. ஸ்பெயின் ஓவியர் வெலாஸ்கெஸ் 1656-இல் வரைந்த ‘லாஸ் மெனினாஸ்’ ஓவியத்தின் நடுவில் நிற்கும் சிறுமி அவள்தான். தம்பிக்கு இருந்த கோளாறுகள் அவளுக்கு இல்லை. அப்புறம் அவளையும் 1666-இல் தாய்மாமன் லியோபோல்டுக்கே கட்டிக்கொடுத்தார்கள். நான்கு பிள்ளைகளில் ஒரே ஒரு பெண்தான் குழந்தைப் பருவத்தைத் தாண்டினாள். மார்கரீட்டா 21 வயதில் இறந்தாள்.

பிழைத்த அந்த ஒரே மகளின் மகன் ஜோசப் பெர்டினாண்டைத்தான் 1698-இல் மன்னர் சார்லஸ் தன் வாரிசாக அறிவித்தார். அடுத்த ஆண்டே, ஆறு வயதில், அவனும் போய்விட்டான். 1700 நவம்பர் 1-ஆம் தேதி சார்லஸ் இறந்தார். ஸ்பெயின் யாருக்கு என்று ஐரோப்பா 1701 முதல் 1714 வரை போரிட்டது. சிம்மாசனம் கடைசியில் பிரான்சின் பூர்போன் குடும்பத்துக்குப் போனது.