குப்பியின் அடியில் படியும் வெள்ளைத் தூள்

தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி மூன்றுக்கும் சேர்த்துப் போடும் முத்தடுப்பு ஊசியின் குப்பியைக் கொஞ்ச நேரம் ஆடாமல் வைத்துப் பாருங்கள். மேலே தெளிந்த நீர் நிற்கும். அடியில் மாவு கரைத்த தண்ணீரில் தங்குவது போல வெள்ளையாக ஒரு படிவு தங்கும். ஊசியில் ஏற்றுவதற்கு முன் செவிலியர் குப்பியைக் குலுக்குவது இதற்காகத்தான். குலுக்கியதும் படிவு கலைந்து மருந்து முழுக்கக் கலங்கலாகிவிடும்.

அந்த வெள்ளைத் தூள் அலுமினிய உப்பு. கிருமிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஒரு தவணையில் சேரும் அலுமினியம் பொதுவாக ஒரு மில்லிகிராமுக்கும் குறைவுதான். ஆனால் அதை எடுத்துவிட்டால் ஊசியின் பலன் வெகுவாகக் குறைந்துவிடும். இப்படிச் சேர்க்கும் பொருளுக்கு அட்ஜுவன்ட் என்று பெயர். துணைப்பொருள் என்று சொல்லலாம். தடுப்பூசி என்றாலே கிருமியைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறோம், துணைப்பொருளைப் பற்றிப் பேச்சே வருவதில்லை. இது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. நம் உடல் எதைக் கண்டு விழித்துக்கொள்கிறது என்ற கேள்விக்கு விடை தேடியவர்கள் கடைசியில் வந்து நின்றது இந்தத் தூளிடம்தான்.

கதை குதிரை லாயத்தில் தொடங்குகிறது. 1920களில் பிரான்சின் பாஸ்டர் நிறுவனத்தில் காஸ்டன் ரமோன் என்ற கால்நடை மருத்துவர் வேலை பார்த்தார். தொண்டை அடைப்பானுக்கு அன்று கொடுத்த மருந்து குதிரை ரத்தத்திலிருந்து வந்தது. கிருமியின் நச்சைக் குதிரைக்குச் செலுத்துவார்கள். குதிரையின் உடல் அதற்கு முறிவை உண்டாக்கும். ரத்தத்திலிருந்து அந்த முறிவு கலந்த சீரத்தைப் பிரித்து நோயாளிக்கு ஏற்றுவார்கள். இந்த வேலையில் ரமோன் ஒன்றைக் கவனித்தார். ஊசி போட்ட இடத்தில் சீழ்க்கட்டி வந்த குதிரைகள் மற்றவற்றைவிட அதிகமாக முறிவைக் கொடுத்தன. சரி, அந்த வீக்கத்தை நாமே வரவழைத்தால் என்ன என்று யோசித்து, மரவள்ளி மாவையும் ரொட்டித் தூளையும் மருந்தோடு கலந்து போட்டார். பலன் கூடியது. 1926இல் லண்டனில் அலெக்சாண்டர் கிளென்னி, வீரியம் நீக்கிய நச்சை அலுமினிய உப்போடு சேர்த்துப் படியவைத்துக் கினிப்பன்றிகளுக்குப் போட்டுப் பார்த்தார். அதிலும் எதிர்ப்பு சக்தி நன்றாக எழுந்தது. அலுமினியம் அப்படித்தான் தடுப்பூசிக்குள் வந்தது, இன்றுவரை போகவில்லை.

ஏன் வேலை செய்கிறது என்பது மட்டும் யாருக்கும் தெரியவில்லை. அந்தக் காலப் பாடப்புத்தகங்களின்படி உடல் தன்னுடையதையும் அந்நியமானதையும் பிரித்தறியும், அந்நியமானதை எதிர்க்கும். அப்படியானால் சுத்தமாகப் பிரித்தெடுத்த கிருமிப் புரதம் ஒன்றே போதுமே, அதுவும் அந்நியம்தானே? போதவில்லை. சுத்தமாக ஆக ஆக உடல் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டது. 1989இல் அமெரிக்க ஆய்வாளர் சார்ல்ஸ் ஜேன்வே இதை வெளிப்படையாகப் போட்டு உடைத்தார். அழுக்கும் கசடும் கலக்காமல் எங்கள் சோதனை எதுவும் வேலை செய்வதில்லை, இது எங்கள் துறையின் அழுக்கு ரகசியம் என்றார். அதோடு நிற்காமல் ஒரு கணிப்பையும் சொன்னார். கிருமிகளுக்கே உரிய சில பொது அடையாளங்களை உணர்ந்துகொள்ளும் ஏற்பிகள் நம் செல்களில் இருக்க வேண்டும். அவை தூண்டப்படாதவரை மற்ற படை கிளம்பாது.

கணிப்பு பலித்தது. 1996இல் ஜூல்ஸ் ஹாஃப்மனின் குழு, டோல் என்ற மரபணு பழுதான பழ ஈக்கள் பூஞ்சை பிடித்துச் செத்துப்போவதைக் கண்டது. 1998இல் புரூஸ் பாய்ட்லரின் குழு, எலியில் பாக்டீரியாவின் வெளிச்சுவர்க் கொழுப்பை உணர்வது டோல் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் ஏற்பிதான் என்று காட்டியது. இருவருக்கும் 2011இல் நோபல் கிடைத்தது. ஜேன்வே 2003இலேயே காலமாகிவிட்டார்.

இப்போது ஒரே ஒரு ஊசியைப் பின்தொடர்ந்து போவோம். மருந்து கைத்தசைக்குள் இறங்குகிறது. அதில் கிருமிப் புரதமும் துணைப்பொருளும் இருக்கின்றன. துணைப்பொருள் பட்டதும் அக்கம்பக்கத்து செல்கள் சேதமடைகின்றன, அல்லது அவற்றின் ஏற்பிகள் தூண்டப்படுகின்றன. உடனே வேதிச் சைகைகள் கசிகின்றன. ரத்தக் குழாய்ச் சுவர் இளகி நீரும் வெள்ளை அணுக்களும் அங்கே வந்து சேர்கின்றன. கை வீங்கி, சூடாகி, தொட்டால் வலிப்பது இதனால்தான். வந்தவர்களில் டெண்ட்ரைட்டிக் செல் என்று ஒரு வகை உண்டு. மரக்கிளை போல நாலா பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும். 1973இல் இதைக் கண்டறிந்தவர் ரால்ஃப் ஸ்டைன்மன். அந்த 2011 நோபலில் ஒரு பாதி அவருக்குத்தான். அறிவிப்புக்கு மூன்று நாள் முன்பு இறந்துவிட்டார்.

இந்தச் செல் கிருமிப் புரதத்தை விழுங்கித் துண்டாக்கி, நிணநீர்க் குழாய் வழியாக அக்குளில் இருக்கும் நிணநீர் முடிச்சுக்குப் போகிறது. காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறது என்போமே, அந்த நெறி இந்த முடிச்சு வீங்குவதுதான். ஊசி போட்ட கையின் அக்குளில் சிலருக்கு நெறி கட்டுவதும் இதே கதை.

முடிச்சுக்குள் டி செல்கள் என்ற வெள்ளை அணுக்கள் காத்திருக்கின்றன. டெண்ட்ரைட்டிக் செல் தான் கொண்டுவந்த துண்டை மேற்பரப்பில் ஏந்திக் காட்டுகிறது. ஆயிரக்கணக்கான டி செல்கள் வந்து உரசிப் போகும், ஏதோ ஒன்றுக்குத்தான் அது பொருந்தும். பொருந்தினால் மட்டும் போதாது. இது ஆபத்தான இடத்திலிருந்து வந்தது என்ற இரண்டாவது சைகையும் அதே செல்லின் மேற்பரப்பில் இருக்க வேண்டும். அது இல்லாமல் துண்டை மட்டும் பார்த்த டி செல் அடங்கிப்போய்விடும், அப்புறம் அந்தப் புரதத்தைக் கண்டாலும் பேசாமல் இருக்கும். துணைப்பொருள் கொடுப்பது இந்த இரண்டாவது சைகையைத்தான். கூடவே எந்த மாதிரிப் படை வேண்டும் என்பதையும் அதுவே சொல்லிவிடுகிறது: கிருமியைப் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடி என்ற புரதம் போதுமா, நோய் புகுந்த செல்லையே கொல்லும் டி செல்களும் வேண்டுமா? உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரிக்கும் தட்டம்மை ஊசிக்குத் தனியாகத் துணைப்பொருள் தேவைப்படாததற்கும் இதுதான் காரணம். கிருமியே தன் அடையாளங்களோடு வருகிறது.

இத்தனை தெரிந்த பிறகும் பழைய அலுமினிய உப்பு முழுதாகப் பிடி கொடுக்கவில்லை. மருந்தை ஓரிடத்தில் தேக்கிவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடுகிறது என்று கிளென்னி காலத்திலிருந்து நம்பினார்கள். 2012இல் வெளியான ஓர் ஆய்வில் எலியின் காது மடலில் ஊசி போட்டு, இரண்டே மணி நேரத்தில் அந்த மடலை வெட்டி எடுத்துவிட்டார்கள். தேக்கிவைத்த மருந்து அதோடு போய்விட்டது, ஆனால் எதிர்ப்பு குறையவில்லை. டோல் ஏற்பிகளைத் தட்டுகிறதா என்றால் அதுவும் இல்லை. சிதைந்த செல்களிலிருந்து வெளியாகும் யூரிக் அமிலமும் டி.என்.ஏ.வும்தான் சைகை என்கின்றன சில ஆய்வுகள். கிட்டத்தட்ட நூறு ஆண்டுகளாகக் கோடிக்கணக்கானவர்களுக்குப் போட்ட பொருளின் உள்வேலை இன்னும் விவாதத்தில் இருக்கிறது என்பது என்னை வியக்கவைக்கிறது.

ஒன்று மட்டும் நன்றாகத் தெரியும், அலுமினியம் ஆன்டிபாடியைத்தான் நன்றாக எழுப்பும், டி செல்களை எழுப்புவதில் மந்தம். அதனால்தான் புதியவற்றைத் தேடினார்கள். சால்மொனெல்லா பாக்டீரியாவின் வெளிச்சுவர்க் கொழுப்பிலிருந்து ஒரு பாஸ்பேட்டை நீக்கி, நச்சைத் தணித்து, சைகையை மட்டும் மிச்சம் வைத்தது எம்.பி.எல். சிலி நாட்டுக் குயில்லாயா மரப்பட்டையிலிருந்து எடுத்தது சப்போனின். பூந்திக்கொட்டை நுரைப்பதும் இந்த வகைச் சேர்மத்தால்தான். இரண்டையும் நுண்ணிய கொழுப்புக் குமிழிகளில் ஏற்றியதுதான் ஏ.எஸ்.01. இது எந்த அளவுக்கு வித்தியாசம் காட்டியது என்பதை அக்கியில் பார்க்கலாம். 70 வயதைக் கடந்தவர்களிடம் பழைய உயிர்க்கிருமி ஊசி அக்கியைத் தடுத்தது சுமார் 38 சதவீதம். வைரஸின் ஒரே ஒரு புரதத்தோடு ஏ.எஸ்.01 சேர்த்த ஷிங்ரிக்ஸ் தடுத்தது ஏறக்குறைய 90 சதவீதம். வயதானால் எதிர்ப்பு சக்தி குறைந்துவிடும், ஒன்றும் செய்ய முடியாது என்றுதான் அதுவரை சொல்லிக்கொண்டிருந்தோம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்த முதல் மலேரியா தடுப்பூசியிலும் இருப்பது இதே துணைப்பொருள்.

இன்னும் சில இருக்கின்றன. ஸ்குவாலீன் எண்ணெய்க் கலவை, பாக்டீரியா டி.என்.ஏ.வைப் போல அமைந்த சி.பி.ஜி. துணுக்குகள், கோவாக்சினில் அலுமினியத்தோடு ஒட்டி வந்த, டோல் 7, 8 ஏற்பிகளைத் தட்டும் சிறு மூலக்கூறு. எம்.ஆர்.என்.ஏ. ஊசிகளில் அதைச் சுமந்து வரும் கொழுப்புத் துகளே துணைப்பொருளின் வேலையையும் பார்த்துவிடுகிறது.

எச்சரிக்கை எவ்வளவு பலமோ, அவ்வளவு வலியும் காய்ச்சலும். ஷிங்ரிக்ஸ் போட்டவர்களைக் கேட்டால் முதல் இரண்டு நாளைப் பற்றிச் சொல்வார்கள். 2009 பன்றிக் காய்ச்சலின்போது ஏ.எஸ்.03 என்ற ஸ்குவாலீன் வகைத் துணைப்பொருள் சேர்த்த பாண்டெம்ரிக்ஸ் ஊசி போட்ட சிறுவர்கள், இளவயதினர் சிலருக்கு நார்கோலெப்ஸி என்ற தூக்க நோய் வந்தது. துணைப்பொருள்தான் காரணமோ என்ற சந்தேகம் இயல்பாகவே எழுந்தது. அதே ஏ.எஸ்.03 சேர்த்து கனடாவில் போட்ட ஊசியில் அந்த அளவு உயர்வு தெரியவில்லை. ஆகவே ஒரு பொருள் மேல் மட்டும் பழியைப் போட முடியாது. ஆனாலும் ஒவ்வொரு புதிய துணைப்பொருளையும் நிதானமாகச் சோதிக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

இந்தத் துறையில் நான் விரும்பிப் பின்தொடர்பவர் பாலி புலேந்திரன். முன்பு எமரி பல்கலைக்கழகத்தில் இருந்தார், பிறகு ஸ்டான்ஃபோர்டுக்கு வந்தார். ஒரே ஊசியில் பல ஆண்டுகள் பாதுகாக்கும் மஞ்சள் காய்ச்சல் ஊசியில் அப்படி என்ன இருக்கிறது என்ற கேள்வியிலிருந்து தொடங்கினார். அந்த வைரஸ் ஒரே நேரத்தில் பல டோல் ஏற்பிகளைத் தட்டுகிறது என்று அவர் குழு கண்டது. உடனே அதையே செயற்கையாகச் செய்து பார்த்தார்கள். டோல் 4, டோல் 7 இரண்டையும் தூண்டும் பொருள்களை நுண்துகள்களில் ஏற்றி எலிகளுக்குப் போட்டபோது, தனித்தனியாகப் போட்டதைவிட ஆன்டிபாடி பல மடங்கு எழுந்தது. 2014இல் இன்னொரு ஆச்சரியம். துணைப்பொருள் சேராத ஃப்ளூ ஊசி, குடல் பாக்டீரியா இல்லாத எலிகளிடம் சரியாகப் பலிக்கவில்லை. அந்தப் பாக்டீரியாக்களின் வால் புரதத்தை டோல் 5 உணர்ந்து துணைப்பொருளின் வேலையைச் செய்துகொண்டிருந்திருக்கிறது.

அண்மையில் அவர் குழு எடுத்துக்கொண்டது பாதுகாப்பு ஏன் சிலருக்குச் சீக்கிரம் தேய்ந்துவிடுகிறது என்ற கேள்வியை. ஏ.எஸ்.03 சேர்த்த பறவைக் காய்ச்சல் ஊசி போட்டவர்களின் ரத்தத்தைத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். ஊசி போட்ட சில நாட்களில் ரத்தத்தட்டுகளில் தெரிந்த ஆர்.என்.ஏ. தடயம், பல மாதம் கழித்து யாரிடம் ஆன்டிபாடி நிலைத்து நிற்கும் என்பதை முன்கூட்டியே காட்டியது. வேறு தடுப்பூசிகளிலும் அதே தடயம் தென்பட்டது. ரத்தத்தட்டுகள், காயத்தில் ரத்தத்தை உறையவைப்பவை. அவற்றுக்கும் தடுப்பூசிக்கும் என்ன தொடர்பு? அவை எலும்பு மஜ்ஜையிலுள்ள மெகாகேரியோசைட் என்ற பெரிய செல்களிலிருந்து உதிர்பவை. ஆண்டுக்கணக்கில் ஆன்டிபாடி சுரக்கும் பிளாஸ்மா செல்கள் குடியிருப்பதும் அதே மஜ்ஜையில்தான். பக்கத்திலிருந்து அவற்றை வாழவைப்பவை இந்த மெகாகேரியோசைட்டுகள். அவற்றைப் பெருக்கும் மருந்தைத் தடுப்பூசியோடு சேர்த்து எலிகளுக்குக் கொடுத்தபோது, ஆன்டிபாடி கூடுதலாகத் தங்கியது.