பத்து ரூபாய் மனுவும் 2050ஆம் ஆண்டும்

தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கமிருந்து என்னிடம் வரும் நுகர்வோர் புகார்களில் அடிக்கடி கேட்பது இதுதான்: "மேடம், ரேக்குல ஒரு விலை, பில்லுல வேற விலை." கடையில் கேட்டால் "சிஸ்டத்துல அப்படித்தான் இருக்கு" என்பார்கள். எம்.ஆர்.பி.யைத் தாண்டவில்லையே, அப்புறம் என்ன செய்வது என்று பலரும் விட்டுவிடுகிறார்கள்.

விட வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பாக்கெட்டில் அச்சிட்ட விலையை மட்டும் பார்ப்பதில்லை. கடைக்காரர் தாமே காட்சிக்கு வைத்த விலைப்பட்டியலுக்கு மேல் வாங்கினாலும் புகார் செய்யலாம். ரேக்கில் ஒட்டியிருக்கும் விலையைப் போனில் படமெடுங்கள், பில்லையும் எடுங்கள். பில்லின் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும். வெறும் தாளைக் காட்டி வாதாட முடியாது. நீங்கள் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் இல்லை. வக்கீலும் கட்டாயமில்லை (என் பிழைப்புக்கு நஷ்டம்தான், ஆனாலும் உண்மை). எம்.ஆர்.பி.யையே தாண்டினால் தொழிலாளர் துறையின் எடையளவு ஆய்வாளரிடம் போகலாம், தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இலும் சொல்லலாம்.

கடைக்காரரைக் கேட்க இத்தனை வழி. அரசைக் கேட்க?

2025 செப்டம்பர் 22 முதல் ஷாம்பு, பற்பசை, குளியல் சோப்புக்கான ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 ஆனது. வரி குறைந்தால் அது வாங்குபவரைச் சேர வேண்டும் என்கிறது ஜி.எஸ்.டி. சட்டத்தின் 171ஆம் பிரிவு. ஆனால் அந்தப் பிரிவில் புதிய புகார்களை வாங்குவது அதே ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதியே நின்றுவிட்டது. 1915இல் பதியலாம் என்றது அரசு. புகாரைப் பதிவது வேறு, விசாரித்து உத்தரவு போடுவது வேறு.

பருவநிலை விஷயத்தில் நிலைமை இன்னும் மோசம். சென்னைக்கான பருவநிலைத் திட்டத்தை மாநகராட்சி 2023இல் வெளியிட்டது. 2050க்குள் கார்பன் சமநிலை, அதாவது வெளியேறும் கார்பனும் உறிஞ்சப்படும் கார்பனும் சமமாவது, என்பது இலக்கு. நாட்டுக்கு 2070. இங்கே அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரிகிறது, எண்ணூர்க் கழிமுகத்தில் சாம்பல் படிந்து கிடக்கிறது. பருவநிலை மாற்றத்தின் பாதிப்பிலிருந்து விடுபட்டிருப்பது அடிப்படை உரிமை என்று 2024இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சரி, ஆனால் இலக்கு தவறினால் யார் பொறுப்பு என்று சொல்லும் தனிச்சட்டம் இல்லை. இன்று கையெழுத்துப் போடும் அதிகாரி 2050இல் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருப்பார்.

அதனால் 2050ஐ விடுங்கள், இந்த ஆண்டைப் பற்றிக் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுவுக்குப் பத்து ரூபாய், பதிலுக்கு 30 நாள். "ஏன் செய்யவில்லை" என்று எழுதாதீர்கள். விளக்கம் தர வேண்டிய கடமை தகவல் அலுவலருக்கு இல்லை, ஒரே வரியில் தட்டிக்கழிப்பார். உங்கள் மாநகராட்சி மண்டலத்தில் பருவநிலைத் திட்டத்தின் கீழ் இந்த நிதியாண்டில் ஒதுக்கிய தொகை, செலவான தொகை, பொறுப்பு அதிகாரியின் பதவி, இவற்றைக் காட்டும் கோப்பின் நகல் வேண்டும் என்று எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அதே அலுவலகத்தில் முதல் மேல்முறையீடு. அதற்குக் கட்டணம் கிடையாது.